செவலையின் குறட்டை

எங்கள் தாத்தாவின் குறட்டைக்கு ஊரில் தனி மரியாதை. திண்ணையில் அவர் படுத்தால் தெருக்கோடி டீக்கடை வரைக்கும் கேட்கும். டவுனில் இரண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டு வரப்பு வழியே இருட்டில் வருகிறவர்கள், "அதோ, பெரியவரு தூங்கறாரு... ஊர் வந்துட்டுது" என்று அந்தச் சத்தத்தை வைத்தே திசை கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். ரொம்ப மிகையில்லை.

1970-ம் வருஷம் தை மாசம். நடு ராத்திரி பாட்டி என்னை உலுக்கி எழுப்பினாள்.

"ஏண்டா, உங்க தாத்தா தஞ்சாவூருக்குத்தானே போயிருக்காரு?"

"ஆமா பாட்டி."

"அப்ப குறட்டை விடறது யாரு?"

எழுந்து உட்கார்ந்தேன். கேட்டது. கர்ர்ர்... புஸ்ஸ்... கர்ர்ர்... அப்படியே தாத்தா. இழுப்புகூட அதே இழுப்பு. பாட்டி அரிக்கேன் விளக்கைத் தூண்டிக்கொண்டு முன்னே நடக்க, அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நான் பின்னே போனேன். சத்தம் கொல்லைப்பக்கம் மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்தது.

செவலைக் காளை நின்றுகொண்டிருந்தது. கண் முழித்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்துக்கொண்டே குறட்டை விட்டது!

மறுநாள் வந்து இறங்கிய தாத்தாவிடம் பாட்டி சொன்ன முதல் வார்த்தை: "உங்களுக்கு வாரிசு வந்தாச்சு."

தாத்தா சிரிக்கவில்லை. நேரே கொட்டகைக்குப் போய், செவலையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து முகத்தைத் தூக்கிப் பார்த்தார். மூக்கிலிருந்து கட்டிச் சளி வடிந்துகொண்டிருந்தது. அதில் ஒரு கோடு ரத்தம். "மூக்கடைப்பான்" என்றார். அந்த ஒரு வார்த்தையோடு திண்ணைக்குப் போய் உட்கார்ந்தவர், மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

அந்த வியாதி மாட்டைச் சட்டென்று கொல்லாது. அதுதான் கஷ்டம். மூக்குக்குள்ளே காலிஃபிளவர் மாதிரி சதை வளரும். மூச்சு விடும் வழி அடைத்துக்கொண்டே வரும். தீனி தின்னும், தண்ணீர் குடிக்கும், பார்க்க ராஜா மாதிரி நிற்கும். ஏரில் பூட்டினால் இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிடும். உழவு மாடு உழவில்லையென்றால் அந்தக் காலத்தில் அதற்கு என்ன மதிப்பு என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் புகையிலைத் தண்ணீரை மூக்கில் விடச் சொன்னார். விட்டார்கள். செவலை தும்மிய தும்மலில் சொன்னவர் வேட்டி போயிற்று. இன்னொருவர் சூடு போடச் சொன்னார். பாட்டி குறுக்கே நின்று தடுத்துவிட்டாள். கடைசியில் கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சைக்கிளில் வந்தார். ஊசி போட்டார். இன்னும் நாலைந்து தடவை போட வேண்டும் என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு புறப்படும்போது, வேலியோரம் நின்றிருந்த என்னிடம் போகிற போக்கில் ஒன்று சொன்னார்.

"இதெல்லாம் குளத்து நத்தையால வர்றது தம்பி."

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாத சமாச்சாரம்.

1968 கோடை லீவில் அம்மாவின் ஊருக்குப் போயிருந்தேன். எனக்கு ஒன்பது வயசு. அந்த ஊர்க் குளத்தில் நத்தைகள் பிரமாதமாக இருக்கும். ஆட்டுக்கொம்பைச் சுருட்டித் தட்டையாக வைத்த மாதிரி ஓடு. நல்ல கருஞ்சிவப்பு. பெரியது என்றால் என் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிசு. எங்கள் ஊர்க் குளத்திலும் அதே சாயலில் நத்தை உண்டு. ஆனால் சோனி. வைக்கோல் நிறத்தில், நகத்தால் அழுத்தினால் நொறுங்குகிற மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டுப் பையன் இதை வைத்து ஏதோ கேலி செய்யப் போக, எனக்கு ரோஷம் வந்து, அம்மா ஊரிலிருந்து ஒரு பால் பவுடர் டின் நிறைய நத்தை பிடித்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். எங்கள் குளத்துப் படித்துறையில் கொட்டினேன். 'இனிமே நம்ம குளத்து நத்தையும் பெரிசாயிடும்.'

இரண்டு வருஷத்தில் செவலை குறட்டை விட்டது. கம்பவுண்டர் நத்தை என்றார். ஒன்பதும் இரண்டும் பதினொன்று. கணக்குப் போடத் தெரிந்த வயசுதானே!

மாசி கடைசியில் தாத்தா செவலையைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனார். நானும் போனேன். விடியற்காலை உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவி, துணியால் துடைத்து, கொம்புக்கு எண்ணெய் தடவி, வாய்க்கு வெல்லம் கொடுத்துக் கூட்டிப் போனார். வாங்க வந்தவர் மெலிந்த ஆள். பல் பார்த்தார், சுழி பார்த்தார், வாலை முறுக்கிப் பார்த்தார். தரகர் துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்து விலை பேசினார். அந்த நேரம் பார்த்து செவலை ஒரு தடவை, ஒரே தடவை, கர்ர் என்றது.

"என்னங்க சத்தம்?"

"சளி" என்றார் தாத்தா. "பனியில நின்னுட்டுது."

அந்த ஆள் இடுப்பு மடிப்பிலிருந்து அழுக்கு நோட்டுகளை எடுத்து இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார். செவலை திரும்பிப் பார்த்ததா என்று கேட்காதீர்கள். நான் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் எந்தக் குறட்டையும் கேட்கவில்லை. கொட்டகையிலும் இல்லை. திண்ணையிலும் இல்லை.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுத வைத்தவள் என் கடைசித் தங்கையின் மகள். கால்நடை மருத்துவம் முடித்து, மேற்படிப்பில் ஒட்டுண்ணி பற்றிப் படிக்கிறாள். போன மார்கழியில் முழங்கால் வரை கம் பூட்ஸும் கையில் வடிகட்டியுமாக வந்து இறங்கினாள். "மாமா, நம்ம ஊர்க் குளத்துல நத்தை பிடிக்கணும்" என்றாள்.

என் மனைவிக்கு முதலில் சமையலுக்கு என்றுதான் தோன்றியது. மூலத்துக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "சீச்சீ, இது வேற நத்தை அத்தை" என்றாள் அவள்.

சாயந்திரம் டம்ளரைக் கேட்டாள். எவர்சில்வர் உதவாதாம், கண்ணாடிதான் வேண்டுமாம். கல்யாணத்துக்கு வந்து, இதுவரைக்கும் எந்த விருந்தாளிக்கும் எடுக்காத ஆறு கண்ணாடி டம்ளர்களில் ஆளுக்கொன்றாக ஆறு நத்தைகள் குடியேறின. மறுநாள் காலை வெயிலில் ஜன்னலோரம் வைத்தாள். பத்து மணிக்குக் கூப்பிட்டாள். ஐந்து டம்ளரில் ஒன்றுமில்லை. ஆறாவதில் தண்ணீருக்குள் மாவுத் தூள் மாதிரி ஏதோ மிதந்தது. உற்றுப் பார்த்தால் தூள் துடிக்கிறது! கையோடு கொண்டுவந்திருந்த மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். குட்டிக் குட்டியாய், வால் நுனி இரண்டாகப் பிளந்த ஜந்துக்கள். அரிவாள்மனைக்கு அடியில் அகப்பட்ட பல்லி வால் மாதிரி அப்படி ஒரு துள்ளல்.

"இதுதான் மாமா, மாட்டுத் தோலைத் துளைச்சு உள்ள போறது."

பிறகு அவள் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். மாட்டின் மூக்கு ரத்தக் குழாயில் புழு ஆணும் பெண்ணுமாகக் குடித்தனம் நடத்துகிறது. முட்டை சளியோடு வருகிறது. மாடு குளத்தில் மூக்கை வைத்துத் தண்ணீர் குடிக்கும்போது முட்டை தண்ணீரில் விழுகிறது. பொரித்து வருகிற குஞ்சு நத்தைக்குள் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் சீக்கிரமே செத்துப் போகும். நுழைந்துவிட்டால் ஒன்று பல நூறாகப் பெருகி, வெயில் ஏறும் நேரமாகப் பார்த்து நீந்தி வெளியே வரும். படித்துறையில் இன்னொரு மாடு நிற்கும். அவ்வளவுதான். ராவ் என்ற விஞ்ஞானி மதராஸ் மாகாணத்து மாடுகளில் இதை ஆராய்ந்து 1933-ல் அந்தப் புழுவுக்குப் பெயரும் வைத்துவிட்டார்: சிஸ்டோசோமா நாசாலே. மூக்குப் புழு. நம்ம செவலைக்கு வந்த வியாதிக்கு ஊர் உலகத்தில் இவ்வளவு பெரிய பெயர் இருப்பது தாத்தாவுக்குத் தெரிந்திருந்தால் ஒருவேளை பெருமைகூடப் பட்டிருப்பார்.

இதே ஜாதிப் புழுக்களில் வேறு சில மனிதர்களுக்கே வருகிறவை. 1851-ல் கெய்ரோவில் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மன் டாக்டர் கண்டுபிடித்தார். அதையும் நத்தைதான் பரப்புகிறது என்று 1915-ல் எகிப்தில் லைப்பர் நிரூபித்தார். ஆப்பிரிக்காவில் இன்றைக்கும் கோடிக்கணக்கான பேரைப் படுத்துகிற வியாதி. நம் நாட்டில் மகாராஷ்டிரத்தில் ரத்தினகிரிப் பக்கம் கிம்வி என்ற ஒரு கிராமத்தில் பார்த்ததாக 1952-ல் எழுதியிருக்கிறார்கள். மற்றபடி நமக்கு மாட்டோடு போயிற்று. புண்ணியம்.

ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, என்னையறியாமல் பால் பவுடர் டின் கதையைச் சொல்லிவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ரெண்டு ஊர் நத்தையும் வேற வேறன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்தாலே தெரியுமே! அது பெரிசு, கறுப்பு. இது சோனி, வெளுப்பு."

"ஓட்டைப் பார்த்துச் சொல்றீங்க."

"பின்னே, நத்தைக்கு ரேஷன் கார்டா இருக்கு?"

"அங்கதான் மாமா எல்லாரும் ஏமாந்தாங்க" என்று ஆரம்பித்தாள். ரசம் ஆறிப் போயிற்று.

இந்த ஆட்டுக்கொம்பு நத்தைக்கு இண்டோபிளானார்பிஸ் எக்ஸஸ்டஸ் என்று பெயர். டெஷே என்ற பிரெஞ்சுக்காரர் 1830-களில் மலபார் பக்கத்து நத்தையைப் பார்த்து வைத்தது. எக்ஸஸ்டஸ் என்றால் லத்தீனில் கருகியது. தண்ணீரில் சுண்ணாம்பு அதிகமிருந்தால் ஓடு தடிக்கும். தீனி நிறைய இருந்தால் பெருக்கும். நெருக்கடியில், வற்றுகிற குட்டையில் வளர்ந்தால் சோனியாகவே நின்றுவிடும். அதாவது நான் பெருமையாகக் கொண்டுவந்த ராட்சசர்களும் எங்கள் ஊர் சோனிகளும் ஒரே நத்தையாக இருக்கலாம். ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஹாஸ்டலில் சாப்பிட்டவனும் அம்மா கையால் சாப்பிட்டவனும் மாதிரி!

"அப்ப ஒரே நத்தைதானா?" எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது.

"அதையும் சொல்ல முடியாது" என்று அதைப் பிடுங்கிக்கொண்டாள். ஆப்பிரிக்காவிலிருந்து இந்தோனேஷியா வரைக்கும் உள்ள இந்த நத்தை எல்லாம் ஒரே இனம் என்றுதான் நூறு வருஷத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். 2010-ல் மரபணுவை எடுத்து ஒப்பிட்டால், ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம் தனித்தனி இனங்களுக்குள் இருக்கிற அளவுக்குப் போகிறது. பிறகு நேபாளத்திலும் பார்த்தார்கள். அங்கேயும் பல கிளை. ஓட்டைப் பார்த்தால் அண்ணன் தம்பி. உள்ளே பார்த்தால் ஒட்டுமில்லை உறவுமில்லை. அவள் படிப்புக்கு எடுத்துக்கொண்ட விஷயமே இதுதான். நம் குளங்களில் எந்தக் கிளை இருக்கிறது, அதில் எது மூக்குப் புழுவுக்கு வீடு கொடுக்கிறது?

"எல்லா நத்தையும் இடம் கொடுக்காதா?"

"கொடுக்காது. சில நத்தை உடம்புலயே புழுவைக் கொன்னுடும்."

அதற்கு அமெரிக்காவில் நியூட்டன் என்பவர் (ஆப்பிள் நியூட்டன் இல்லை) 1950-களில் செய்ததைச் சொன்னாள். போர்ட்டோ ரிக்கோ தீவு நத்தை அந்த ஊர்ப் புழுவுக்கு எளிதில் இடம் கொடுக்கும். அதே இனத்துப் பிரேசில் நத்தை ஒன்று கிட்டவே சேர்க்காது. இரண்டையும் சம்பந்தம் பண்ணிவைத்துப் பேரன் பேத்தி வரைக்கும் பார்த்தார். இடம் கொடுக்கிற குணமும் கொடுக்காத குணமும் பரம்பரையாக இறங்கியது. இதில் ஒரு வெள்ளை நத்தை ரொம்ப உதவியாம். அந்த நத்தையில் ஆண் பெண் பேதமில்லை. ஒண்டியாகவே முட்டையிட்டுக் குடும்பம் நடத்திவிடும்; ஜாதகப் பொருத்தம், மண்டபம், எதுவும் வேண்டாம். அதனால் பிள்ளை யாருடையது என்று தெரியாது. வெள்ளை நத்தை கறுப்புக் குஞ்சு போட்டால் மட்டும் வெளிச்சம்: வெளியார் வந்திருக்கிறார்! கடைசியில் வெளுப்பும், புழுவுக்கு இடம் கொடுக்கிற குணமும் சேர்ந்த ஒரு வம்சத்தையே உருவாக்கி ஆய்வுக்கூடங்களுக்குக் கொடுத்தார். நிறம் ஒரு பக்கம், அந்தக் குணம் ஒரு பக்கம். கறுப்பா வெளுப்பா என்று பார்த்துப் புழு இருக்குமா என்று சொல்ல முடியாது.

சீனாவில் இதற்கு நேர் எதிர்க் கூத்து. யாங்ட்ஸி ஆற்று வெள்ளம் ஏறி இறங்குகிற சமவெளியில் உள்ள நத்தைக்கு ஓட்டில் வரி வரியாக மேடு இருக்கும். மலைப்பக்கத்து நத்தை மழமழ. இரண்டையும் வேறு வேறு இனமென்று பெயர் வைத்துப் பிரித்திருந்தார்கள். கலந்து விட்டுப் பார்த்தால் இரண்டும் சம்பந்தம் பண்ணிக் குஞ்சு பொரிக்கின்றன. ஒரே இனம். ஒன்று போலிருப்பது வேறாகிறது, வேறு போலிருப்பது ஒன்றாகிறது. என் மனைவி, "சம்பந்தி வீட்டு விவகாரம் மாதிரி இருக்கே" என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் விடவில்லை. "கடைசியா சொல்லு. செவலைக்கு வியாதி வந்தது என்னாலயா, இல்லையா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். டாக்டர்கள் யோசிக்கிற மாதிரி.

"நீங்க கொட்டினதுல ஒரு நத்தை புழுவோட வந்திருந்தா, வாய்ப்பே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்த நத்தை வெள்ளத்துல போகும், ஆகாயத்தாமரை வேர்ல முட்டை ஒட்டிக்கிட்டுப் போகும், கோடையில சேத்துக்குள்ள படுத்துத் தண்ணி வந்ததும் எழுந்துக்கும். அது ஊர் ஊராப் போறதுக்கு உங்க பால் பவுடர் டின் தேவையில்லை மாமா. வியாதி மாடும் சந்தைக்குச் சந்தை போயிட்டு வந்துட்டுதான் இருந்திருக்கு..."

சட்டென்று நிறுத்தினாள். நானும் பேசவில்லை. இருவருக்கும் ஒரே சமயத்தில் அது தோன்றியிருக்க வேண்டும்.

"செவலையை வாங்கின ஆள் எந்த ஊர் மாமா?" என்றாள் மெதுவாக.

தெரியாது. தாத்தாவும் கேட்டுக்கொள்ளவில்லை. எந்த ஊரானால் என்ன, அங்கேயும் ஒரு குளம் இருந்திருக்கும். படித்துறையில் செவலை மூக்கை நீட்டி நிம்மதியாகத் தண்ணீர் குடித்திருக்கும்.

மறுநாள் நானும் அவளோடு குளத்தில் இறங்கினேன். அவளுக்குப் பூட்ஸ். எனக்கு மடித்துக் கட்டிய வேட்டி. ஊரில் இப்போது ஏர் மாடே கிடையாது, டிராக்டர்தான். கறவை மாடுகள் ஏழெட்டு இருக்கின்றன. படித்துறை பாதி இடிந்திருந்தது. ஆகாயத்தாமரையைப் புரட்டினால் இலையின் அடியில் நத்தைகள். பெரிசு, சோனி, கருஞ்சிவப்பு, வைக்கோல் நிறம், எல்லாம் கலந்து கிடந்தன. இதில் என்னுடையது எது? ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவள் ஸ்பிரிட் குப்பியில் போட்டுச் சீட்டு எழுதி ஒட்டினாள்.

"உங்க அம்மா ஊர்க் குளத்துலேயும் கொஞ்சம் பிடிச்சுட்டா ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துடலாம் மாமா. உறவா இல்லையான்னு தெரிஞ்சுடும். நாளைக்குப் போலாமா?"

"அந்தக் குளத்தைத் தூர்த்துட்டாங்கம்மா. அங்கே இப்ப கல்யாண மண்டபம்."

அவள் குப்பியைப் பையில் வைத்துக்கொண்டாள்.

சாயந்திரம் முழங்காலுக்குக் கீழே பிராண்டத் தொடங்கியது. ராத்திரி சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. நாற்று நடுகிற பெண்கள் காலம் காலமாகக் காலில் பூசுமஞ்சளை அப்பிக்கொண்டு, 'வயல் தண்ணி ஒத்துக்கலை' என்று சொல்வார்களே, அதே அரிப்பு. 1938-ல் மலாயாவில் பக்லி என்பவர் நெல் வயல் அரிப்புக்குக் காரணம் மாட்டுப் புழுவின் குஞ்சு என்று கண்டுபிடித்தாராம். மனிதத் தோலுக்குள் நுழைந்துவிட்டு, 'அடடா, இது மாடில்லையே' என்று அங்கேயே செத்துப்போகும். அந்தச் சாவுக்குத்தான் நாம் சொறிந்துகொள்கிறோம். ஒரு வாரத்தில் போய்விடும்.

எனக்குப் பிராணன் போகிறது, அவளுக்கு ஒரே சந்தோஷம். "அசையாதீங்க மாமா, நல்லாத் தெரியுது!" என்று செல்போனில் படமெடுத்தாள். பக்கத்தில் அளவுக்கு ஒரு ஸ்கேல் வேறு.

"மனுஷன் காலை மாட்டுக் கால்னு நினைச்சுதா அது?" என்று தேங்காய் எண்ணெயோடு வந்த என் மனைவி, என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுவும் சரிதான். குறட்டையை நான்தானே ராத்திரியெல்லாம் கேக்கறேன்."